ஈட்டன் கிங்ஸ் ஸ்காலர்ஷிப்: பையன்கள் சறுக்கும் இடம் பொதுத் தாள்

1440இல் இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டன் பள்ளியைத் தொடங்கியது ஏழைப் பையன்கள் 70 பேருக்காக. அவர்கள் மேற்படிப்புக்குப் போக அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜையும் நிறுவினார். அந்த 70 இடம் இன்றும் அப்படியே இருக்கிறது. தேர்வெழுதி அந்த இடங்களைப் பெறுகிறவர்கள்தான் கிங்ஸ் ஸ்காலர்கள். சுமார் 1,300 மாணவர்களில் கிங்ஸ் ஸ்காலர்கள் மட்டும் ‘காலேஜ்’ எனப்படும் விடுதியில் தங்கி, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். மற்றவர்கள் ‘ஆப்பிடன்’கள். லத்தீனில் ஊருக்கு உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பொருளியலாளர் கீன்ஸும் எழுத்தாளர் ஆர்வெல்லும் கிங்ஸ் ஸ்காலர்களாக இருந்தவர்கள்.

ஆண்டுக்குச் சுமார் 14 இடம்தான். 13 வயதில் சேர்வதற்கான தேர்வு மே மாதவாக்கில் நடக்கும். ஆங்கிலம், கணிதம் ஏ, அறிவியல், பொதுத் தாள் ஒன்று (பாட அறிவைவிட யோசித்து வாதிடும் திறனைப் பார்க்கும் தாள்) ஆகிய நான்கும் கட்டாயம். பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், கணிதம் பி, பொதுத் தாள் இரண்டு, வரலாறு–புவியியல்–சமயம் சேர்ந்த தாள் ஆகியவற்றில் மூன்றை எடுப்பது வழக்கம். அந்தந்த ஆண்டின் பாடத்திட்டத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். லத்தீன் படிக்கவில்லையே என்று அரசுப் பள்ளிப் பையன்கள் ஒதுங்க வேண்டியதே இல்லை. கணிதம் பி, பொதுத் தாள் இரண்டு, வரலாற்றுத் தாள் என்று எடுத்தால் போதும்.

நன்றாகப் படிக்கிற பையனும் சறுக்குவது பொதுத் தாளில்தான், ஏனென்றால் அதை மனப்பாடம் செய்து எழுத வழியில்லை. 2011 வினா ஒன்றைப் பாருங்கள். ஆண்டு 2040. பெட்ரோல் தீர்ந்து லண்டனில் கலவரம். காவலர்கள் சிலர் இறந்திருக்கிறார்கள். ராணுவம் இறங்கி 25 பேரைக் கொன்றுவிட்டது. நீங்கள் பிரதமர். அது தவிர்க்க முடியாதது, அறத்துக்கும் உட்பட்டது என்று நாட்டுக்கு விளக்கும் உரையை எழுத வேண்டும்.

‘சுட்டது தப்பு’ என்று எழுதுகிறவனுக்கு மதிப்பெண் கிடைப்பது கஷ்டம். கேட்டது அவன் கருத்தை அல்ல, பிரதமரின் வாதத்தை. அதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு: ‘வேறு வழியில்லை’ என்பதை மட்டும் நிறுவிவிட்டு, ‘அறம்’ என்ற சொல்லைத் தொடாமலே விடுவது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதலில் இறந்த 25 பேருக்கு இரங்கல், பிறகு வேறு வழிகள் ஏன் பயன்படவில்லை, கடைசியில் ராணுவத்தை அனுப்பாமல் இருந்திருந்தால் யார் செத்திருப்பார்கள் என்று உரையை அடுக்கினால் நிற்கும். தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக வாதாடச் சொல்லி வாரம் ஒரு பக்கம் எழுத வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் எதிர்வாதம் செய்தால் இன்னும் நல்லது.

கணிதத்தில் விடையோடு நிறுத்தாமல் வழிமுறையை முழுதாக எழுதப் பழக்குங்கள். விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. பழைய வினாத்தாள்கள் பள்ளியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடிகாரம் வைத்து எழுத வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்காலர்ஷிப் கிடைத்தாலே கட்டணம் முழுதும் தள்ளுபடி ஆகிவிடாது. கட்டண உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திராமல் அதை முன்பே கேட்டு வையுங்கள்.