ஓய்வுக்குப் பின் ஒரு டிரெய்லர்

பணி ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவியும் வாங்கியது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் சென்று, போகிற இடத்தில் தங்கிக்கொள்ளும் கேம்பர் டிரெய்லர். துணிச்சுவர் கொண்டவை விலை குறைவுதான். ஆனால், கிரிஸ்லி கரடிகள் நடமாடும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஏரிக்கரையிலுள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டியான சுவருள்ள வண்டிகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள் என்பதால், அத்தகைய ஒன்றையே எடுத்தோம்.

ஏறத்தாழ 7,700 அடி உயரத்திலுள்ள அந்த ஏரிக்கரையில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. குக்கர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். கரடிகள் தேடி வராமலிருக்க, சமைத்த கையோடு அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். காலியான ஐஸ்பெட்டியைக்கூட வெளியில் விடக் கூடாது.

டிரெய்லரைப் பின்னோக்கி எடுத்து நிறுத்துவதில் என் மனைவிதான் கெட்டிக்காரர். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துகிறார், அவ்வளவுதான்.

மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில், ‘கோயிங் டு த சன்’ சாலையின் மலைப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகள் நுழைய முடியாது. இழுக்கும் காரையும் சேர்த்தே அளக்கிறார்கள். ஆகவே டிரெய்லரை முகாமில் கழற்றி வைத்துவிட்டு, 6,646 அடி உயரமுள்ள லோகன் கணவாய்க்குக் காரில் மட்டும் ஏறினோம்.

இங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற, 62 வயது நிறைந்த நண்பர்கள் 80 டாலருக்குத் தேசியப் பூங்காக்களுக்கான வாழ்நாள் அனுமதி அட்டையை வாங்கிக்கொள்ளலாம். பல முகாம்களில் பாதிக் கட்டணம்தான்.