மனே, செயின் சத்தம் போடுது

ஏ/எல் (உயர்தர) சோதனை முடிந்த கையோடு மட்டக்களப்பு வீடுகளில் எழும் முதல் கேட்பு மோட்டார் சைக்கிள்தான். காரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திறக்கும் வரை பழைய மாருதிகூடக் காணி விலைக்கு ஏறிக் கிடந்தது. ஆகவே கையெட்டுவது பழைய 100 சிசி ஸ்ப்ளெண்டரோ சிடி 100ஓ. அதை வாங்கிக் கொடுத்துவிடலாம், பெரிய காரியமில்லை. அதைக் கட்டி மேய்க்கும் செலவை மகன் தலையிலேயே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தாய் தகப்பனுக்குக் கஷ்டம்.

முதலில் உழைப்பு. இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 முதல் 16. பதினெட்டுக்குக் கீழ் ஆபத்தான வேலை கூடாது, ஆகவே அரிசி ஆலைப் பெல்ட்டடியும் கட்டடச் சாரமும் வேண்டாம். சனி, ஞாயிறு கடை வேலை, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூஷன், வீட்டுக் கோழி, வளவில் நாலு பாத்தி கச்சான் (நிலக்கடலை) என்று வழி நிறைய உண்டு. வண்டி விலையில் பாதியாவது அவன் காசாக இருக்கட்டும், மீதியைக் கொப்பியில் எழுதிக் கடனாகக் கொடுங்கள். ஒன்று முக்கியம்: சேர்த்த காசு முழுவதையும் வண்டிக்கே போடவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால்தான் வாங்கிய மாதமே வரும் செயின் செட், பின் ரயர், பெயர் மாற்றச் செலவைத் தாங்கலாம்.

பார்க்கப் போகும்போது இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் வராத வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே உதைத்து வைத்திருக்கலாம். ஆறவிட்டு மகனையே உதைக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கிறது. காத்தான்குடி, கல்முனைக் கரையோர வண்டி என்றால் சைலன்சரின் அடிப்பக்கத்தையும் ஸ்போக் வேர்களையும் குனிந்து பார்க்க வேண்டும், உப்புக்காற்று அங்கேதான் தின்னும். பதிவுப் புத்தகத்தில் சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியோடு ஒத்துப்போகிறதா, முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதும் லீசிங் கொம்பனி பெயர் கிடக்கிறதா என்று பாருங்கள். ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் பழைய சொந்தக்காரர் கையெழுத்திட்ட படிவத்தோடு, ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். பிள்ளைக்கு அதைப் பழக்க வேண்டாம். காப்புறுதி, புகைச் சான்றிதழ், பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருட வரிப்பத்திரம் மூன்றின் திகதியையும் அவனே தன் போனில் போட்டு வைக்கட்டும். சாரதி உரிமம் கைக்கு வரும் வரை சாவி உங்களிடம்.

இனி ஸ்பேனர் வேலை. கல்லடியிலிருந்து கல்முனை போய்வர ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தினமும் ஓடுகிறவனுக்கு 25 நாளில் 2,000 கிலோமீட்டர் ஆகிவிடும், பழைய வண்டிக்கு ஒயில் மாற்றும் கணக்கு அதுதான். இயந்திரத்தை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அடி நட்டைக் கழற்றி, வண்டியை நிமிர்த்திப் பிடித்து வடியவிட வேண்டும். அலுமினிய உடம்பில் மரை மெல்லியது. பலம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும், பிறகு கராஜில் புது மரை வெட்ட வேண்டியதுதான். புதிய ஒயில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். ஸ்ப்ளெண்டரில் அளவுக் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும், திருகிப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடக் காட்டும். கார் ஒயிலை ஊற்றிவிட்டு "கிளட்ச் வழுக்குது" என்று வருகிற பொடியன்மார் ஏராளம். பைக்கின் கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே நனைந்து கிடப்பது, போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று இருக்க வேண்டும்.

செயினில்தான் சோம்பல் தெரியவரும். "மனே, செயின் சத்தம் போடுது, பாத்தியா?" என்று கேட்டால் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டான், மூடிக்குள் கிடப்பதால். மூடியின் ரப்பரைக் கழற்றி விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு இறுக்குவது பிழை. சில்லை மெதுவாகச் சுற்றி, எங்கே ஆகக் கூடுதலாக இறுகுகிறதோ அங்கே அளக்க வேண்டும். இரு பக்கக் கோடும் சமமாக வராவிட்டால் சில்லு கோணி ரயர் ஒருபக்கம் தேயும். இறுக்கி முடித்ததும் பின் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும், சில்லு பின்னுக்குப் போகும்போது பிரேக் கம்பியும் இறுகியிருக்கும்.

மகள் ஸ்கூட்டர் எடுத்தால் செயின் தொல்லை இல்லை. ஆனால் கியர் ஒயில் என்று ஒன்று தனியே இருப்பதை வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும், அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வீதிகளின் பதரும் ஏர் பில்டரை அடைக்கும். ஸ்பொஞ்ச் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, காயவைத்து, துளி ஒயில் தடவிப் போடலாம். கடதாசி பில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

மாரியில் வெள்ளத்துக்குள் வண்டி நின்றுவிட்டால் திரும்ப உதைக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், காபரேட்டர் அடித்திருகைத் திறந்து வடிக்க வேண்டும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும்.

ஒரு நாள் படுவான்கரை வயல் வீதியில் கிளட்ச் கேபிள் அறுந்து நிற்பான், போன் வரும். கூட்டிவரப் போங்கள், பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு. வண்டியைத் தள்ளி வரும் தூரத்தில், பழைய கேபிளோடு சேர்த்து ஒரு புதுக் கேபிளைக் கட்டி வைக்கலாமே என்று அவனுக்கே தோன்றும்.