இரண்டு தூண்கள்

காலை ஆறரைக்கே நானும் மாமாவும் வண்டியை எடுத்துவிட்டோம். செக்கானூரணியில் டீ. அப்புறம் உசிலம்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் பெருங்காமநல்லூர்.

வருடா வருடம் ஏப்ரல் 3 அன்று இங்கே மாலையும் கூட்டமுமாக இருக்கும். நாங்கள் போன செவ்வாய்க்கிழமை நினைவுத்தூண் பக்கம் ஆளே இல்லை. மாமா பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார்.

வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்கூட, பிரமலைக் கள்ளராகப் பிறந்ததற்காகவே கைரேகை பதிய வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று 1920 ஏப்ரல் 3 அன்று ஊரே எதிர்த்து நின்றது. போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். ஜாலியன்வாலா பாக் நடந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த இதைப் படிக்கவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

விறகுக்கட்டோடு ஓர் அப்பத்தா வந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"மதுரை அப்பத்தா. தூணைப் பார்க்க வந்தோம்."

கட்டை இறக்கி வைத்தார். "எங்க மாமனாரு அப்பச் சின்னப் பிள்ளை. வெடிச் சத்தம் கேட்டு ஓடைக்குள்ள படுத்துக்கிட்டாராம்."

திரும்பும்போது சம்மட்டிபுரத்தில் மருதநாயகம் என்கிற கான் சாகிப் அடக்கமான இடத்துக்குப் போனோம். கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பாளையங்களை அடக்கியவர், பிறகு கும்பினியையே எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டுபோட்டு வெவ்வேறு ஊர்களில் புதைத்தார்களாம். பச்சைப் போர்வைக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவர் காத்த கோட்டை இப்போது இல்லை. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து வீதி போட்டார்கள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவைதான். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கொத்தளம் மட்டும் மிச்சம். அதைக் கவனிக்காமலே நான் எத்தனை தடவை பஸ் ஏறியிருக்கிறேன்!

இடித்த கலெக்டருக்கு ஊர் நடுவே நினைவுச் சின்னம் இருக்கிறது. விளக்குத்தூண் என்றால் மதுரையில் தெரியாதவர் கிடையாது. அங்கே போய்ச் சேரும்போது கடைகளில் லைட் போட்டுவிட்டார்கள். மாமா தூணை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையில் வாசித்த பெயர்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது வந்தது.