படுக்கையறைக்கு ஒரு நீலம்

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைக்குச் சாயம் பூச முடிவெடுத்து மூன்று வாரங்களாகின்றன. இன்னும் ஒரு டின்னைக்கூடத் திறக்கவில்லை. ஜார்ஜ் டவுன் லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ட்ஸீ மாளிகையின் நீலம்தான் எனக்கு வேண்டியிருந்தது. சுண்ணாம்பில் அவுரிச் செடியின் நீலச் சாயத்தைக் கலந்து பூசிய அந்த நீலம், வெயிலில் நிற்கும் வெளிச்சுவருக்கு எத்தனை கம்பீரமோ, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் அத்தனை இருட்டு என்பதை, அதையொத்த சாயத்தைத் தடித்த தாளில் இரண்டு முறை பூசிச் சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

எங்கள் சன்னல் மேற்கு நோக்கியது. காலையில் சாம்பல் கலந்து தெரிந்த அதே தாள், மாலை வெயிலில் பச்சை ஏறியும், இரவில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை விளக்கில் மருத்துவமனைத் திரைச்சீலை போலவும் காட்சியளித்தது. விளக்கை 3000 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றியதும்தான் நீலம் தணிந்தது. கடையின் குழல்விளக்கின் கீழ் வண்ண அட்டையை நீட்டி, "இதுதான் அழகு" என்பவர்களை இனி நான் நம்புவதாக இல்லை.

அம்மாவுக்கோ வீடு முழுவதும் சந்தன நிறம்தான் வேண்டும். கடைசியில், தலைமாட்டுச் சுவர் மட்டும் நீலம், மற்ற மூன்றும் பாலாடை வெள்ளை என்று உடன்பட்டோம். ஒரு சுவர், இரண்டு பூச்சு; இரண்டு லிட்டர் போதும். அலமாரிக்குப் பின்னால் ஈரத்தில் படர்ந்திருக்கும் பூஞ்சையைத் துடைத்து உலரவிட்ட பிறகு, வரும் சனிக்கிழமை தொடங்குகிறோம்.