சொந்தக் காரணங்களுக்காக

2020 செப்டம்பரில் நான் அனுப்பிய ராஜினாமா கடிதம் இன்னும் மெயிலில் கிடக்கிறது. ஒரே வரி. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.' பதினோரு வருடம் அடுத்தவர்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டவள் நான். என் கணக்கை முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தச் சொந்தக் காரணத்தைச் சொல்கிறேன். கொரோனா காலம், வேலையும் வகுப்பும் வீட்டிலிருந்தே. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றுதான். அதில் அவர் மீட்டிங்கில் இருப்பார். நான் சாப்பாட்டு மேஜையில். எதிரே ஆறு வயது மகளின் ஆன்லைன் வகுப்பு. நெட் போனால் என்னைத்தான் கூப்பிடுவாள். மூடிய கதவைத் தட்டக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளாகவே தெரிந்து வைத்திருந்தாள். நடுவில் மாமியாருக்கு மாத்திரை. ஒரு மாதக் கடைசியில் இரண்டு பேரின் சம்பளத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். அன்று ராத்திரியே கடிதத்தை எழுதினேன். யார் வேலையை விடுவது என்று வீட்டில் ஒரு பேச்சும் நடக்கவில்லை. அவருக்குச் சம்பளம் கூட, அவ்வளவுதான். (எனக்கு ஏன் குறைவு என்று நோண்டினால் பிரசவ விடுப்பில் போய் நிற்கும். அது தனிக் கதை.)

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுக்க பெண்கள் இழந்த வேலை 5.4 கோடி, ஆண்கள் இழந்தது 6 கோடி. "பாருங்க, ஆண்களுக்குத்தான் அடி அதிகம்" என்றார் பழைய அலுவலக நண்பர் ஒருவர். கணக்குக்காரியிடமா? வேலையில் இருந்தவர்களே பெண்களில் குறைவு. அதனால் சதவீதத்தைப் பார்க்க வேண்டும்: பெண்களுக்கு 4.2, ஆண்களுக்கு 3. தவிர, வேலை தேடுகிறவர்தான் வேலையில்லாதவர் பட்டியலில் வருவார். நான் தேடவில்லை. தேட நேரம் எங்கே?

2022 ஜூலையில் வேறு இடத்தில் சேர்ந்தேன், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. சும்மா ஒருநாள் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 22 மாதச் சம்பளம், வராமல் போன உயர்வுகள், ஓய்வுக்காலச் சேமிப்பில் விழாத தொகை, அதன் வட்டி. கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிட்டேன். பணம் முடைப்பட்டபோது முதலில் உடைத்ததும் என் பேரில் இருந்த டெபாசிட்டைத்தான். சின்னத் தொகை, நஷ்டம் கம்மி என்று சொன்னது வேறு யாருமில்லை, நானேதான்.

உடம்பு விஷயத்தில் இன்னும் மோசம். மாதவிலக்கு பத்து நாள் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தொற்று பயத்தில் தள்ளிப்போட்டேன், அப்புறம் பழகிவிட்டது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்த அன்றுதான் போனேன். ரத்தம் எடுத்த நர்ஸின் கையுறை அவருக்குப் பெரிது. விரல் நுனியில் தொங்கியது, மணிக்கட்டில் டேப் சுற்றியிருந்தார். உலகச் சுகாதாரப் பணியாளர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள், பாதுகாப்பு உடை மட்டும் பெரும்பாலும் ஆண் அளவில். ஹீமோகுளோபின் 7.2. "எப்படிம்மா நடந்து வந்தீங்க?" என்றார் டாக்டர். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி.

கொரோனா தடுப்பூசி போட்ட மாதம் தேதி தள்ளிப்போனதையும் சொன்னேன். டென்ஷன் என்றார். ஊசிக்கும் நார்க்கட்டிக்கும் சம்பந்தமில்லை, அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வு, ஊசிக்குப் பின் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போகலாம், தானாகச் சரியாகிவிடும் என்றது. பயப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசிப் பரிசோதனைகளில் இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்கவே இல்லை என்பதுதான் எரிச்சல். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருக்கலாம், பல பேருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது. அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை, அலுவலக நேரத்தில். அன்று மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவர் வேலை. மீட்டிங் இருக்கிறதாம். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.