நானூத்தி ஏழு

மண்டபம் பக்கத்தில், வேதாளை போகிற வழியில் இருந்த ஒரு கடல்பாசிக் குடோனில் ஏழு வருஷம் கணக்கெழுதினேன். மூட்டையைத் தராசில் ஏற்ற வேண்டும், ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழிவு போட வேண்டும், சிட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்த வேலையும் அவ்வளவுதான். நடுவில் இருக்கிற கழிவுதான் சண்டை. சாக்கின் மேலே பாசி நன்றாகக் காய்ந்திருக்கும். முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் துழாவினால் சில்லென்று இருக்கும். மூன்று கிலோ கழிவு என்று சொன்ன நிமிஷமே, அதுவரை 'தம்பி' என்று கூப்பிட்ட அக்கா என்னை 'ஏய் கணக்கு' என்பார்.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. எலக்ட்ரானிக் தராசு செத்துப்போக, வெளியே வேப்பமர நிழலில் இருபது பெண்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கோபம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்துவிட்டேன். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பிஸ்கட்டைத் தின்பதற்குள் அதில் என்னவெல்லாம் போட்டிருக்கிறது என்று படித்து முடித்திருப்பேன்.

"அக்கா, இந்தப் பாசி எங்க போகுது தெரியுமா? ஐஸ்கிரீமுக்குள்ள."

கூட்டமே சிரித்தது. "கடல்ல மொதக்கிற குப்பையை எவன் ஐஸ்ல போடுவான்?"

அவர்கள் சிரித்தது எனக்குத்தான் வேடிக்கையாக இருந்தது. பாசிக்குத் தின்பண்டப் பெயர்களை வைத்ததே அவர்கள்தான். முள்முள்ளாக உருண்டிருப்பது பக்கோடா பாசி. இன்னொன்று கஞ்சிப்பாசி. மூங்கில் மிதவையில் கட்டி, நாற்பத்தைந்து நாளில் அறுத்து எடுக்கிற கப்பாபைகஸுக்கு இங்கே பெயர் பெப்சி பாசி. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்தக் குளிர்பானக் கம்பெனிதான் இந்தக் கரையில் அதை ஒப்பந்தத்தில் வளர்க்க வைத்தது. சில வருஷத்தில் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது, பெயர் மட்டும் கரையிலேயே தங்கிவிட்டது. பாட்டிலைத் தொடாத ஆத்தாகூட "ரெண்டு மூட்டை பெப்சி" என்றுதான் சொல்வார். பிலிப்பைன்ஸ் பக்கத்து இனத்துக்கு அமெரிக்கப் பெயரை வைத்து ராமநாதபுரத்துப் பேச்சில் கூப்பிடுகிறோம் என்பதை யோசித்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, ஐஸ்கிரீமுக்கு வருகிறேன். பெப்சி பாசியிலிருந்து எடுக்கிற பசைக்கு கேராஜீனன் என்று பெயர். பாலும் தண்ணீரும் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கும். சாக்லேட் பாலில் கோகோத் தூள் அடியில் தங்காமல் நிறுத்தும். பாக்கெட்டில் அதைப் பெயர் சொல்லிப் போடாமல், தின்பண்டச் சேர்மானங்களுக்கு வைத்திருக்கிற எண்ணில் பெரும்பாலும் 407 என்றுதான் போடுவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேச்சு சூட்டில் "எல்லா ஐஸ்கிரீம்லயும் நம்ம பாசி இருக்கு" என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டேன்.

அடுத்த வாரமே மாட்டிக்கொண்டேன். ஓர் ஆத்தா முந்தானையிலிருந்து கப் ஐஸ்கிரீம் மூடி ஒன்றை அவிழ்த்து என் மேசையில் வைத்தார். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. "பேத்தி படிச்சுப் பாத்தா. நானூத்தி பத்து இருக்கு, நானூத்தி பன்னெண்டு இருக்கு. ஒன் நானூத்தி ஏழைக் காணமே அப்பு?" வரிசையே என்னைப் பார்த்தது. கழிவு விஷயத்தில் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பசை, நம் ஊரில் பொரியல் வைக்கிற அதே கொத்தவரங்காய்தான். 410 கேரப் என்கிற மரத்தின் விதை. நகைக்கடையில் வைரத்துக்குச் சொல்கிற 'கேரட்' என்ற எடைச்சொல்லே அந்த விதையின் பெயரிலிருந்துதான் வந்தது. நம் தட்டார்கள் குன்றிமணி போட்டு நிறுத்தமாதிரி அங்கே அந்த விதை. மறுநாள் கொத்தவரங்காய் என்று சொன்னதும் ஆத்தாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "நான் பொரியல் வெச்சா அந்தக் குட்டி ஒதுக்கி வெச்சிட்டு எந்திரிக்கும். இப்பக் கப்புக் கப்பாத் தின்னுருக்கா!"

அதற்குப் பிறகு மூடிகள் வர ஆரம்பித்தன. ஜெல்லி பாக்கெட், சாக்லேட் பால் டப்பா என்று வீட்டுப் பிள்ளைகள் எண்ணைப் படித்துச் சொல்ல, 407 இருக்கிறதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். தராசுக்கு மேலே ஒரு கட்டுக்கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். படிக்கத் தெரியாத பெண்கள்கூட அந்த மூன்று இலக்கத்தையும் படம்போல அடையாளம் கண்டார்கள். கட்டக்கோரை என்கிற பாசியிலிருந்து எடுக்கிற அல்ஜினேட் என்ற பசையில் செய்த ஒரு பொருள் சில பீர்களில் நுரை சீக்கிரம் அடங்கிவிடாமல் இருக்கச் சேர்க்கப்படுகிறது என்று ஒருநாள் சொன்னேன். மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாசி வித்த காசுதான் அங்க போகுதுன்னு நெனச்சேன். பாசியும் அங்கதான் போகுதா?" என்றார்.

நான் சொன்னதில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்று உண்டு. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கிற அகர் பற்றியது. கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, உறையவைத்துத் துண்டு போடுகிற கடல்பாசி அதுதான். 1881 வாக்கில் ஜெர்மனியில் வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர், கிருமிகளை வளர்த்துப் பார்க்க ஜெலட்டினில் தட்டுத் தயார் செய்துகொண்டிருந்தார். வெயில் காலத்தில் அது உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி, தன் அடுப்படியில் ஜெல்லிக்குப் போடுகிற அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது, ஜாவாவில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர். அகர் எண்பத்தைந்து டிகிரி வரை சூடேற்றினால்தான் உருகும், உறைந்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கே அசையாது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1882-இல் அகரைப் பற்றி எழுதினார். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்கும் உலகத்தில் கிருமி வளர்க்கிற எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் அந்தத் தட்டு இருக்கும்.

"அந்தம்மாவுக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்ப நம்ம ஆளுதான்."

இந்த மாதிரித் துணுக்குகளை வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தூர தேசத்து விசித்திரம் கேட்ட அன்றைக்கு இனிக்கும், மறுநாள் மறந்துவிடும். தன் கையில் இருக்கிற பொருளே வேறெங்கோ வேஷம் மாறி நிற்கிறது என்று தெரிந்தால் அது அப்படிப் போய்விடாது. கழுத்தளவு தண்ணீரில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் கை கிழியப் பாசி பறிக்கிறவருக்கு அது சாக்கோடு லாரி ஏறுவது வரைதான் தெரியும். அதற்கு அப்புறம் உள்ள வழியை நான் வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். சொன்னதற்குப் பலன் வராமல் இருக்குமா?

அந்தப் பலன் ஒரு மத்தியானம் வந்தது, பீரைப் பற்றிச் சொன்ன அதே அக்காவிடமிருந்து. கம்பியில் தொங்கிய மூடிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இம்புட்டுச் சாமானுக்கும் நம்ம பாசி வேணும். அப்பக் கிலோவுக்கு ஏன் இம்புட்டுத்தான் போடுறீக?" என்றார். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அதில் நான் வேறு கழிவு போடுகிறேன். விலையை நான் வைப்பதில்லை என்றேன். உண்மைதான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. மூடிகளை நான்தானே தொங்கவிட்டேன்? அதன்பிறகு கொஞ்ச நாள் வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். கழிவு போடும்போது கை கூசியது. ஒருநாள் முதலாளி வந்தவர், என்ன குப்பை இது என்று கம்பியோடு கழற்றி எறியச் சொன்னார். எறிந்தேன்.

மூடிகள் போனாலும் எண் போகவில்லை. நான் வேலையை விடுகிற வரைக்கும் யாரும் அதற்குப் பிறகு பெப்சி பாசி என்று சொன்னதாக நினைவில்லை. "நானூத்தி ஏழு ஒரு மூட்டை, எழுதிக்கப்பு" என்பார்கள். கடைசி மாசத்தில் ஒருநாள், வரிசை நீண்டு, வேர்வை நோட்டில் சொட்டுகிற நேரம், அந்த ஆத்தா அப்படிச் சொன்னதும் என் கை தானாக எடைக் கட்டத்தில் 407 என்று எழுதிவிட்டது. தராசில் இருந்தது முப்பத்தெட்டுக் கிலோ. பேனாவை எடுத்து அடிக்கப் போனேன்.

"அடிக்காதப்பு," என்றார் ஆத்தா, "அப்படியே சிட்டை போடு."