புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய்: எமிஸ் ஒரு பக்கம், பழைய பாஸ்புக் மறுபக்கம்

டி.எல்.எட். என்கிற தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேரப்போகிற பிள்ளைகள், அதிலும் நம் குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு வருகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பள்ளி முடித்து மேலே படிக்கும் பெண்களுக்கு அரசு பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டுதான் இருந்தது. அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் உயிர் போய்விட்டது.

2022 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. எங்களைப்போல் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளிதான் பள்ளி. அது உதவி பெறும் பள்ளி, அதனால் நாங்கள் கணக்கிலேயே இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் தொடங்கிவைத்த விரிவாக்கத்தில்தான் உதவி பெறும் பள்ளியும் உள்ளே வந்தது, தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தேன். அந்தத் தொடக்க விழாவுக்கு முன்பே பயிற்சி நிறுவனத்தில் விவரம் வாங்கி, ஆதார், மதிப்பெண் பட்டியல், டி.சி. எல்லாம் ஏற்றினார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது, எமிஸில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவில், என் ஒன்பதாம் வகுப்புக்கு நேராக ஆங்கில வழி என்று கிடக்கிறது. அந்தப் பள்ளியில் இரண்டு பிரிவும் உண்டு, யாரோ ஏற்றும்போது மாற்றித் தட்டியிருக்கிறார்கள். பள்ளிக்குப் போனால் அலுவலகத்தில் இருந்தவர், "நீ படிச்சு முடிச்சுப் போயாச்சு மக்களே, இனி இங்க இருந்து திருத்த முடியாது, வட்டார வள மையத்துல கேளு" என்றார். அங்கே போனால், "பள்ளிக்கூடத்துல இருந்து லெட்டர் வந்தாத்தான் நாங்க தொடுவோம்." திரும்பவும் பள்ளி. "செவ்வாய்க்கிழமை வா, எழுதித் தாறேன்." அந்தச் செவ்வாய் டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. சார், அன்னைக்கு லீவாச்சே என்று சொன்னதும் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அப்போ அடுத்த வாரம் பாப்போம்" என்கிறார். ஏன், புதன்கிழமைக்கு என்ன குறை?

கடைசியில் தலைமையாசிரியை சிஸ்டரையே நேரில் பார்த்தேன். அவர் சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி, நகல் போட்டு, சீல் வைத்து, அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். டி.சி.யிலும் பயிற்று மொழி தமிழ் என்று தெளிவாக இருந்ததால் யாராலும் மறுபேச்சுப் பேச முடியவில்லை. டி.சி. கையில் வாங்கும்போதே அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி எல்லாம் பார்ப்போம், இதை யாரும் பார்ப்பதில்லை.

சரி, விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எல்லோரும் போல நானும் புதுக் கணக்குத் தொடங்கி எண்ணைக் கொடுத்திருந்தேன். கூடப் படித்தவர்களுக்குப் பணம் வருகிறது, எனக்கு வரவில்லை. நிறுவனத்தில் கேட்டால் வரவு வைக்கப்பட்டது என்றே காட்டுகிறதாம். வங்கியில், "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு" என்று ஒரே பதில், முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கிடையே பணம் போய்வருவதைக் கவனிக்கும் தேசிய நிறுவனம்) இணைப்பது வேறு. அரசுப் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணைப் பார்த்துப் போகாது, என்.பி.சி.ஐ.யில் உங்கள் ஆதாரோடு எந்த வங்கி இருக்கிறதோ அங்கே போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் வரும். எனக்கு வந்த பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: பத்தாம் வகுப்பில் சிறப்பு ஊக்கத்தொகைக்காகப் பள்ளியில் மொத்தமாகத் தொடங்கிக் கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு!

அந்தக் கணக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடாமல் முடங்கிக் கிடந்தது. பணம் உள்ளே வரும், வெளியே எடுக்க முடியாது. கே.ஒய்.சி. கொடுக்கப் போனால் ஓ.டி.பி. கேட்டார்கள், அதில் பதிந்திருந்தது அப்பாவின் பழைய எண். அப்பா பஹ்ரைனில் போட்டில் இருக்கிறார், அந்த சிம் எப்போதோ செத்துப்போனது. ஆதாரிலும் அதே எண். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றினேன், அப்போது 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75. அதன்பிறகும் கவுண்டரில் இருந்தவர் "அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, கணக்கு என் பெயரில் இருக்கிறது, அப்பா எதற்கு? மேலாளர் அறைக்குள் போய் இதையே கேட்டேன். படிவம் வந்தது.

பாஸ்புக் பதித்துக் கொடுத்தபோது ஆயிரம் ஆயிரமாக வரிசையாக இறங்கியிருந்தது, அந்தப் பிரிண்டர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருக்கலாம்போல் இருந்தது.

ஆயிரம் ரூபாய்க்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பும்போது வகுப்பாசிரியருக்குத் துணையாக நிற்கிறோம், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார்த்தி எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு ஒரு பைசா சம்பளம் கிடையாது. சார்ட், மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), ஸ்கெட்ச், ஆல்பம் எல்லாம் கைக்காசு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பது பெரிய உதவி, ஆனால் திங்கள்சந்தையில் அடுத்த டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் முதல் பீரியட் போய்விடும், காசு கொடுத்து வேறு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்புக்குத் தகுதியில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு இந்தப் படிப்புக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளுக்குப் புத்தகம் இந்தப் பணத்தில்தான் வாங்கினேன்.

புதுக் கணக்குத் தொடங்குகிறவர்கள் அரசுப் பணம் வருவதற்கான ஆதார் இணைப்புப் படிவத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். பழைய கணக்கை இழுத்துக்கொண்டு அலைய முடியாதவர்கள் தபால்காரரிடம் அஞ்சல் துறை பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்குக் கேட்கலாம், வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து முடித்துவிடுவார். எமிஸ் சிக்கலில் பள்ளி இழுத்தடித்தால் 1100-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், அல்லது திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். என் தோழி ஒருத்திக்கு ஏழாம் வகுப்பே எமிஸில் இல்லை, அவள் வருகிற திங்கள் போகிறாள்.